கத்தராத்தோ, கத்தராத்தா

ஓகஸ்ட் 25, ஞாயிறு

முதலில் மன்னிப்பு. என் எழுத்து கோணல். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, சில எழுத்து கீழே விழுந்து கிடக்கிறது. 'ஞ' எழுதும்போது நான் நாக்கை வெளியே நீட்டுகிறேன் என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். முப்பது வருடம் பழம் வெட்டும் கத்தரி பிடித்த கை பென்சிலையும் நெரித்துக் கொல்லப் பார்க்கிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசிக்கிறவர் என்றால் நகுலேஸ்வரி ரீச்சர் ஒருவர்தான். கிழமை நாட்களில் ஒரு பல்வைத்தியரின் வீட்டைத் துப்புரவு செய்கிறார். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். மாரியில் தமிழ் எழுத்து முடித்தேன். வசந்தத்தில் இத்தாலியன் எழுத்தும் முடித்தேன். நேற்று ரீச்சர் சொன்னார்: "ஐயா, ஒவ்வொரு கிழமையும் நடந்ததை எழுதிக்கொண்டு வாங்கோ. நான் திருத்தித் தாறன்." ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் இளையதம்பி. வயது அறுபத்தெட்டு. ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கம். இருப்பது இத்தாலியில், சிசிலித் தீவில், ஒரு முந்திரிகைத் தோட்டத்தில். முந்திரிகையைத் திராட்சை என்றும் எழுதலாம் என்றார் ரீச்சர். முந்திரிகைக்கு ஒரு எழுத்து அதிகம். ஆகவே முந்திரிகை என்றே எழுதுவேன்.

இந்த வயதில் எனக்கு வாசிக்கத் தெரியும். இதை எழுதிவிட்டுத் தனியாக இருந்து சிரித்தேன்.

செப்ரெம்பர் 1, ஞாயிறு

ரீச்சர் போன கிழமை எழுதியதில் ஒன்பது இடத்தில் சிவப்புப் போட்டிருந்தார். கடைசியில் 'நல்லது' என்று எழுதியிருந்தார். அதை நானே வாசித்தேன்.

இன்று தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். இங்கே வெள்ளை வைன்தான். நாலு சாதிப் பழம். இன்சோலியா முதலில் பழுக்கும். நீள உருண்டை, கடித்தால் மொறுமொறுவென்றிருக்கும். சிபிப்போ வாசக்காரி. பக்கத்தில் நின்றால் தோடம்பூ வாசம் அடிக்கும். கிரில்லோ என்றால் இவர்கள் மொழியில் சில்வண்டு. ஏன் பழத்துக்குச் சில்வண்டுப் பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் கத்தராத்தோ. பார்வைக்கு ஏழைப் பழம், வாசமும் பெரிதாக இல்லை. ஆனால் மலைச்சரிவில் உள்ள கிழட்டுக் கொடிகளில் காய்ப்பதைத் தனியாகப் பிழிந்து வைத்தால், குடித்து முடித்தபின் நாக்கின் அடியில் வாதுமைப் பருப்பின் கசப்பு ஒன்று வரும். அதற்காக மிலானோவில் இருந்து காரில் வருகிறார்கள். வேறு பழம் ஒரு வாளி கலந்தாலும் வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

பழைய முதலாளி தொன் கலோஜெரோ பங்குனியில் செத்துப்போனார். இப்போது அவருடைய மகள் ஒர்னெல்லா பார்க்கிறார். நாங்கள் சிஞ்ஞோரினா என்போம். அறுவடை தொடங்கும்போது எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். வைன் அறைக்கு இரண்டு கிழவர்கள் தேவையில்லை. இந்த அறுவடை முடிய ஒருவர்தான் நிற்கலாம். குடியிருக்க மேல் அறையும் அவருக்குத்தான்.

இரண்டு பேர் என்றால் நானும் மார்க்கண்டுவும். ஒரே வருடம் வந்தோம். அவன் ஊரில் எட்டாம் வகுப்புப் படித்தவன். தொட்டிகளில் பெயர் எழுதுவது, குழாய் பூட்டுவது, எந்தத் தொட்டியில் இருந்து எதற்கு மாற்றுவது, எல்லாம் அவன். தொட்டி கழுவுவது நான்.

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'புள்ளடி' என்பான். முதல் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டேன். அன்றிலிருந்து புள்ளடி. இத்தாலியர்களும் பொருள் தெரியாமல் 'புல்லாதி, புல்லாதி' என்றார்கள்.

பலெர்மோ ரயில் நிலையத்தில் ஒருமுறை ஆம்பிளைகள் கக்கூஸ் எது என்று கேட்டேன். பலகையைப் பார்த்து, இதுதான் போ என்றான். உள்ளே பொம்பிளைகள். ஒருத்தி கைப்பையால் முகத்தில் அடித்தாள். பொலீஸ் பிடித்து இருத்தியது. மார்க்கண்டு வெளியில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒவ்வொரு அறுவடைக்கும் புதிதாக வரும் வேலையாட்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவான். இந்த வருடமும் சொல்லிவிட்டான்.

நான் கோபிக்கவில்லை. பகிடிதானே.

செப்ரெம்பர் 4, புதன்

இன்சோலியா முடிந்தது. கை எரிகிறது. பென்சில் பிடிக்க முடியவில்லை.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

இன்று ஒரு புதினம். மத்தியானம் மார்க்கண்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் வழக்கம்போலச் சீண்டினான். "என்ன புள்ளடி, ஆனாவும் ஆவன்னாவும் உன்னைக் கடிச்சுப் போடேல்லையோ?" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்குக் கண் தெரியேல்லையடா" என்றான். "எல்லாம் பால் ஊத்தின மாதிரிக் கிடக்கு."

டொக்டரிடம் போயிருக்கிறான். டொக்டர் 'கத்தராத்தா' என்றாராம்.

"அது நாங்கள் பிழியிற பழமெல்லோ?" என்றேன்.

"பழம் கத்தராத்தோ. இது கத்தராத்தா. கண்ணிலை வெண்புரை."

நான் சிரித்துவிட்டேன். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். வாசிக்கத் தெரிந்தபடியால்தான் எனக்கு அந்த வித்தியாசம் விளங்குகிறது. போன வருடம் என்றால் விளங்கியிராது.

நவம்பரில் வெட்டிச் சுகப்படுத்துவார்களாம். சின்ன வேலை, அடுத்த நாளே பார்வை வந்துவிடுமாம். அதுவரை சிஞ்ஞோரினாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவனை நிறுத்திவிடுவார். அவனுக்கு மனைவி பிள்ளை இல்லை. பலெர்மோவில் சகோதரியின் மகள், ஒரு மருமகள் இருக்கிறாள், அவளுடைய புருஷனுக்கு இவனைக் கண்ணில் காட்டக்கூடாது.

"நீ இப்ப வாசிக்கிறாய் எல்லோ" என்றான். "தொட்டியிலை என்ன எழுதியிருக்கெண்டு எனக்குச் சொன்னால் காணும். மிச்சத்தை நான் கையாலை தடவிச் செய்வன்."

என்னை ஒருவன் வாசித்துச் சொல்லக் கேட்கிறான். அதுவும் மார்க்கண்டு. ஓம் என்றேன். அவன் என் தோளைப் பிடித்தான்.

மிகவும் சந்தோஷமான நாள்.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

இந்தக் கிழமை முழுக்க வாசித்தேன். மார்க்கண்டு குழாயைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நான் பக்கத்தில் வாளியோடு நின்று மெதுவாகச் சொல்லுவேன். "இது கிரில்லோ." "அங்காலை சிபிப்போ." அவன் தலையாட்டிவிட்டுப் பூட்டுவான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு கிழவர்கள் கதைப்பதுபோல இருக்கும்.

சில நேரம் நான் உடனே சொல்லுவதில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொல்லுவேன். அப்போது அவன் முகத்தை என் பக்கம் திருப்பி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி காத்துக்கொண்டு நிற்பான். நான் எழுத்துக் கூட்டுகிறேன் என்று நினைப்பான். நான் அப்போதே வாசித்திருப்பேன்.

ரீச்சர் இந்த இடத்தில் ஏதும் பிழை இருந்தால் சொல்லவும்.

செப்ரெம்பர் 22, ஞாயிறு

கத்தராத்தோ வெட்டி முடிந்தது. கிழட்டுக் கொடிப் பழம் எல்லாம் பெரிய தொட்டியில் பொங்குகிறது. வைன் அறையில் அரை மணி நின்றால் தலை சுற்றும். புளித்த மணம் மற்ற எல்லா மணத்தையும் தின்றுவிடுகிறது.

ரீச்சர் போன கிழமை எழுதியதில் 'உடனே சொல்லுவதில்லை' என்பதன் கீழே கோடு போட்டு 'ஏன்?' என்று கேட்டிருந்தார். எழுத்தில் பிழை இல்லையாம். பிழை இல்லாதபோது ஏன் கோடு என்று விளங்கவில்லை.

சிஞ்ஞோரினா இன்று மார்க்கண்டுவைப் புகழ்ந்தார். அப்பா இருந்திருந்தால் இந்தக் கத்தராத்தோவைக் குடித்துவிட்டு அழுதிருப்பார் என்றார். அதைப் பிழிந்த நாளில் பிழியும் யந்திரத்தைக் கழுவியது நான். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை.

செப்ரெம்பர் 25, புதன்

மார்க்கண்டு கண் பரிசோதனைக்குப் பலெர்மோ போனான். சிஞ்ஞோரினாவிடம் மருமகளுக்குச் சுகமில்லை என்று பொய் சொன்னான்.

அவன் இல்லாதபடியால் சிறிய தொட்டிகளை நான் நிரப்பினேன். பெயரும் நானே எழுதினேன். சோக்கட்டியால், கறுப்புப் பலகையில், இத்தாலியனில். முதலாவது கிரில்லோ. இரண்டாவது கத்தராத்தோ, பெரிய தொட்டியில் கொள்ளாத மிச்சம். மூன்றாவது சிபிப்போ. சிபிப்போவுக்கு இத்தாலியனில் 'b' மூன்று. மூன்றும் வயிறு தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளைப் போல இருந்தன. தள்ளி நின்று பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்று பலகையிலும் ஒரு பிழை இல்லை.

சிஞ்ஞோரினா அந்தப் பக்கம் போனபோது பலகையைப் பார்த்தார். மார்க்கண்டு எழுதியது என்று நினைத்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 3, வியாழன்

பெரிய தொட்டி பொங்கி அடங்கி இடம் வந்தபடியால், சிறிய தொட்டியில் உள்ள கத்தராத்தோவை அதோடு சேர்க்கச் சொன்னார் சிஞ்ஞோரினா. மார்க்கண்டு குழாயோடு வந்தான். எது என்று கேட்டான். மூன்றாவது என்றேன்.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

நடந்ததை எழுதச் சொன்னபடியால் எழுதுகிறேன்.

வியாழன் பம்பு ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மார்க்கண்டு மூக்கைத் தூக்கினான். பிறகு குழாயின் பூட்டில் கசிந்ததை விரலில் தொட்டு நக்கினான். ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினான், வழியில் வாளியில் தடக்கி விழுந்து எழும்பிப் போனான். ஆனால் அதற்குள் பாதிச் சிபிப்போ கத்தராத்தோவுக்குள் போய்விட்டது.

சிஞ்ஞோரினா வந்து பெரிய தொட்டியில் ஒரு கிண்ணம் பிடித்து மோந்து பார்த்தார். கிண்ணத்தை நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தி இருந்தார். அந்த வைன் இப்போது கல்யாண வீட்டுப் பந்தல்போல மணக்கிறது. நல்ல மணம்தான். மிலானோக்காரர் அதற்கு வரமாட்டார்கள். இந்த வருடத்துத் தோட்டச் செலவு முழுக்க அந்தத் தொட்டிதான் என்று வேலையாட்கள் கதைத்தார்கள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். மார்க்கண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கை மாறிவிட்டது என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கண் விஷயம் வெளிவரும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நீள மேசையில் இருந்தோம். சிஞ்ஞோரினா பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், என் கத்தராத்தோ எங்கே போயிற்று என்றார். சும்மா வாய்க்குள் சொன்னதுதான். எனக்கு அப்போது அந்த ஒரு எழுத்து வித்தியாசம் ஞாபகம் வந்தது. வந்த பகிடியை அடக்க முடியுமா?

"சிஞ்ஞோரினா, அது தொட்டியிலை இல்லை" என்றேன். "மார்க்கண்டுவின்ரை கண்ணுக்குள்ளை இருக்கு."

இத்தாலியனில் அது இன்னும் நன்றாக இருக்கும். மேசை முழுக்கச் சிரித்தது. பழம் வெட்ட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முப்பது வருடத்தில் என் பகிடிக்கு ஒரு மேசை சிரித்தது இதுதான் முதல் தடவை. மார்க்கண்டுவும் முதலில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தான், பிறகு நிறுத்தினான்.

சிஞ்ஞோரினா சிரிக்கவில்லை. எழும்பிப் போய் மார்க்கண்டுவின் முகத்துக்கு நேரே ஒரு கரண்டியைப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். கத்தி என்றான்.

பிறகு கேள்விகள். கண் தெரியாமல், ஒருவரையும் கேட்காமல், என் வைனில் கை வைத்தாயா என்றார். கேட்டேன் என்றான் மார்க்கண்டு. யாரை? அவன் என் பக்கம் திரும்பினான். நான் இருந்த இடம் அதுவல்ல, எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டு, இளையதம்பியை என்றான்.

சிஞ்ஞோரினா என்னைக் கேட்டார். நான் அந்த நேரம் வாளியில் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன் என்றேன். குழாய் கழுவியது உண்மை.

"டேய்" என்றான் மார்க்கண்டு.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

மார்க்கண்டு செவ்வாய்க்கிழமை போனான். மருமகள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டியை நான்தான் தூக்கிப் பஸ்சில் ஏற்றினேன். பஸ்சின் நெற்றியில் 'பலெர்மோ' என்று எழுதியிருந்ததை அவனுக்கு வாசித்துச் சொன்னேன். அவன் மருமகளிடம், பலெர்மோ பஸ்தானா என்று திருப்பிக் கேட்டான்.

நேற்று வகுப்பு முடிய ரீச்சர் என்னை நிற்கச் சொன்னார். கொப்பியை மூடி வைத்துக்கொண்டு, "ஐயா, மூண்டாவது எண்டு சொன்னது நீங்கள்தானே?" என்றார். ஓம் என்றேன். "போய் அந்த முதலாளிப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ. இவ்வளவும் எழுதின உங்களுக்கு அதைச் சொல்ல ஏலாதோ?" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. பல்வைத்தியர் வீட்டில் ஏதோ பிரச்சினைபோல.

சொல்லுவேன் என்றேன்.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

மேல் அறைக்கு வந்துவிட்டேன். யன்னலைத் திறந்தால் மலைச்சரிவு தெரிகிறது. மேசை உண்டு. மேசையில் வைத்து எழுதும்போது எழுத்து ஆடுவதில்லை.

கெட்டுப்போன கத்தராத்தோவைச் சிஞ்ஞோரினா ஒரு கடைக்காரனுக்குப் பெயரில்லாமல் மலிவாகக் கொடுத்துவிட்டார். ஒரு போத்தல் எனக்கும் தந்தார். குடித்தேன். வாதுமைக் கசப்பைத் தேடினேன். முதலில் பூ, நடுவில் பூ, கடைசியிலும் பூ. எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

மழை. கொடி வெட்டத் தொடங்கவில்லை. கடைசி இரண்டு கிழமையும் ரீச்சர் ஒரு சிவப்புப் புள்ளியும் வைக்காமல் கொப்பியைத் திருப்பித் தந்தார். பிழையே இல்லைபோல.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் மார்க்கண்டு வந்தான். கேற்றடியில் நின்றே கையைத் தூக்கினான். நான் வைன் அறை வாசலில் நின்றேன். அவ்வளவு தூரத்தில் இருந்து என்னைக் கண்டுகொண்டான். கண் வெட்டிச் சரிவந்துவிட்டது. மெலிந்து போயிருந்தான், சேட்டு வேறு யாருடையதோபோலத் தொங்கியது.

சிஞ்ஞோரினாவிடம் அரை மணி கதைத்துவிட்டு என்னிடம் வந்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னான். கொடி வெட்டவும் போத்தல் அடைக்கவும் இன்னொரு ஆள் தேவை என்று சிஞ்ஞோரினாவுக்கு இப்போது விளங்கியிருக்கிறது. வியாழக்கிழமை ஆள் எடுக்கிறார். இவனை எடுக்க மனம் இருக்கிறது. ஆனால் கண் தெரியாமல் ஒருவரையும் கேட்காமல் செய்தவனை எடுக்க மாட்டார். கேட்டுத்தான் செய்தான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுப்பார். என் வேலைக்கும் அறைக்கும் ஒன்றும் ஆகாது. அதைச் சிஞ்ஞோரினாவே அவனிடம் சொன்னாராம்.

மருமகள் வீட்டில் குசினி நிலத்தில் படுக்கிறான். மாத முடிவோடு வெளியேறச் சொல்லி அவளுடைய புருஷன் சொல்லிவிட்டானாம். இதையெல்லாம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ பிழையாய் வாசிச்சுப் போட்டன் எண்டு சொல்லு" என்றான். "இப்பதானே படிக்கிறாய். படிக்கிறவன் பிழை விடுறது வழமை. ஒருத்தரும் உன்னைக் குறை சொல்ல மாட்டினம். நானும் நினைக்க மாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாரி முழுக்கக் கண்விழித்துப் படித்தவன் நான்.

"நான் பிழையாய் வாசிக்கேல்லை" என்றேன். "மூண்டு பலகையும் நான் எழுதினது. ஒரு எழுத்துக்கூடப் பிழையாய் வாசிக்கேல்லை."

மார்க்கண்டு கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். புதுக் கண் என்றபடியால் போலும், நெடுநேரம் பார்த்தான். நானும் பார்த்தேன். அவனுடைய கண் இப்போது நல்ல தெளிவு.

"ஸ்டேசன் கக்கூசுக்கோ?" என்றான் கடைசியில்.

மழை தூறத் தொடங்கியது, வெளியில் காயப் போட்ட சாக்குகளை எடுத்து உள்ளே வைத்தேன். அவனும் இரண்டு சாக்கை எடுத்துத் தந்தான்.

போகும்போது வாசலில் நின்றான். "சரி. என்ன காரணம் எண்டாலும் இருக்கட்டும். பிழை எண்டு சொல்ல வேண்டாம். அவன் என்னைக் கேட்டவன் எண்டு மட்டும் சொல்லு. வியாழனுக்கு முன்னம்." இதைச் சொல்லும்போது அவன் தொப்பியைக் கழற்றியிருந்தான். நரைத்த தலை மழையில் நனைந்தது. மார்க்கண்டு என்னிடம் தொப்பி கழற்றியதை நான் பார்த்ததில்லை.

எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை. செய்வேன் என்றேன். ஆனால் வாயால் சொன்னால் சிஞ்ஞோரினா குறுக்கே கேள்வி கேட்பார், எனக்குத் தடுமாறும். எழுதித்தான் கொடுக்க வேண்டும், இத்தாலியனில், என் பெயரைக் கீழே முழுதாகப் போட்டு. அப்படி ஒன்றை நான் இன்னும் எழுதியதில்லை. நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது. இந்தக் கிழமை சிபிப்போ போத்தலில் அடைக்கிற வேலை, பின்னேரம் கை விறைத்துவிடும். வியாழன் என்பது மிகக் கிட்ட. அவசரமாக எழுதினால் பிழை வரும்.

அடுத்த ஞாயிறு மேசையில் ஆறுதலாக இருந்து எழுதுவேன்.